தென்கரையில் நோயே கிடையாது

“பேறுகாலம் பாக்க வந்தவளுக்கு ஊரு பாக்க என்ன சோலி?” என்று எங்கள் தாலுகா போர்டின் உபதலைவர் கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்டாரே தவிர என்னிடம் பதிலை எதிர்பார்க்கவில்லை. வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறுகன்னத்துக்கு மாற்றிக்கொண்டு தலைமைக் குமாஸ்தாவிடம் திரும்பினார். “இவ போயி என்னத்தவே எழுதிட்டு வருவா? பிள்ள தலைகீழா கெடக்கா, நேரா கெடக்கான்னு எழுதுவா. அத ரிப்போர்ட்டுன்னு மதராசுக்கு அனுப்பவா?” குமாஸ்தா சிரித்தார். சிரிப்பதும் அவருடைய உத்தியோகத்தில் சேர்ந்ததுதான்.

நான் அந்தப் போர்டின் மருத்துவச்சி. நெசவுக்காரர் மகள். எங்கள் வீட்டில் தறி நான்கு உண்டு, எழுத்து ஒன்று கிடையாது. அப்பாவும் அவருடைய அப்பாவும் பத்திரங்களில் பெருவிரலை ஊன்றியவர்கள். பன்னிரண்டு வயதில் விதவையாகி வீட்டுக்குத் திரும்பிய என்னை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டு விட்டார்கள். திரும்ப அழைத்துப்போக மறந்துவிட்டார்கள். அந்த மறதியில் நான் படித்தேன், மதராசுக்குப் போய்ப் பிரசவ வேலையும் கற்றுச் சான்றிதழோடு வந்தேன். சான்றிதழின் கீழே இருப்பது என் கையெழுத்து. இப்போதும் சில நாட்களில் பெட்டியைத் திறந்து அதை ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

டில்லி தர்பார் நடந்த மறுவருஷம் மதராசிலிருந்து ஒரு சுற்றுக்கடிதம் வந்தது. ஏழை பணக்காரர், மேல்ஜாதி கீழ்ஜாதி என்ற வித்தியாசமில்லாமல் குடிகள் எல்லாருக்கும் ஒரே மாதிரி வைத்தியம் கிடைக்க வேண்டும். தாலுகா தோறும் புதிதாக ஓர் ஆஸ்பத்திரி, நோய் எங்கே அதிகமோ அங்கே கட்டப்படும். அண்டைச் சமஸ்தானமாகிய திருவாங்கூரில் இந்தக் காரியம் எப்படி நடக்கிறது என்று ஓர் ஆளை அனுப்பிப் பார்த்து ரிப்போர்ட் எழுத வேண்டும். இவ்வளவுதான் கடிதம். டாக்டருக்குக் கால்வீக்கம். கம்பவுண்டர் நமச்சிவாயத்துக்கு மேற்குத் திசைப் பயணம் ஜாதகத்தில் ஆகாது. புண் கட்டும் டிரஸ்ஸர், ரயில் மலையைக் குடைந்துகொண்டு போகிறது என்று கேள்விப்பட்ட அன்றே லீவுக்கு எழுதிவிட்டார். போகாதவர்கள் எல்லாரும் தீர்ந்தபின் மிஞ்சினது நான்.

நோய் எங்கே அதிகம் என்று தெரிந்துகொள்ள எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய புஸ்தகம் இருக்கிறது. மருந்து வாங்கினவர் பெயர், தெரு, நோய் எல்லாம் அதில் ஏறும். மருந்து வாங்க வருகிறவர் கண்ணாடிப் புட்டி கொண்டுவர வேண்டும். கம்பவுண்டர் அதில் மருந்தை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தெரிவதற்காக ஒரு காகிதத்தைப் பல் பல்லாக வெட்டிப் புட்டியின் மேல் ஒட்டித் தருவார். அந்த வேலையில் அவர் கைகாரர். புட்டி இல்லாதவருக்கு மருந்து இல்லை. மருந்து வாங்காதவருக்குப் புஸ்தகத்தில் இடமில்லை.

ஆற்றின் தென்கரையில், வயல்வேலை செய்கிறவர்களின் சேரி இருக்கிறது. அங்கே எந்த வீட்டிலும் கண்ணாடிச் சாமான் கிடையாது. ஆகையால் எங்கள் புஸ்தகத்தின்படி தென்கரையில் நோயே கிடையாது. நோய் மிகுந்த இடம் தேரடித் தெரு. அங்கே பென்ஷன் வாங்குகிற பெரியவர்கள் வேலைக்காரர் கையில் புட்டி கொடுத்தனுப்பி, பசியெடுக்க ஒரு மருந்தும் உண்டது செரிக்க ஒரு மருந்தும் வாரம் தவறாமல் வாங்குகிறார்கள். எனவே புது ஆஸ்பத்திரியைத் தேரடித் தெருவில் கட்டுவது என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. பழைய ஆஸ்பத்திரி வாசலில் நின்று கூப்பிட்டால் அங்கே கேட்கும்.

நான் புறப்படுவதற்கு முந்தின நாள் தென்கரையிலிருந்து மாடத்தி வந்தாள். வயிற்றில் எட்டு மாதம். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல். கையில் ஒரு மண் கலயம்.

“புட்டி எங்க ளா?” என்றார் கம்பவுண்டர்.

“புட்டிக்கு நான் எங்க சாமி போவேன்? இதுல ஊத்துங்க. நல்லாக் கழுவித்தான் கொண்டாந்திருக்கேன்.”

“கலயத்துல காயிதம் ஒட்டுனா நிக்குமா? எம்புட்டுக் குடிக்கணும்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“பாதி இன்னைக்கு, பாதி நாளைக்கு.”

“பாத்தியளா, இவளும் டாக்டருக்குப் படிச்சிருக்கா!” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுத்த புட்டியை வாங்கினார்.

மாடத்தியைத் தோணித்துறை வரைக்கும் கொண்டு விட்டேன். அவளுக்கு முன்பே இரண்டு பிள்ளைகள் பிறந்திருந்தன. இரண்டும் ஐப்பசி கார்த்திகையில், ஆற்றில் வெள்ளம் போய்த் தோணி நின்றுவிட்ட நாட்களில் பிறந்தன. பிறந்த அன்றே போயின. இரண்டாவது பிரசவத்தில் அவளும் போயிருக்க வேண்டியவள். வெள்ளக் காலத்தில் வடகரையிலிருந்து நான் கூப்பிடு தூரத்தில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

“இந்த வருசமும் அப்பத்தான் வருது தாயி,” என்றாள். “அங்கன எங்க கரையில ஆஸ்பத்திரி வருதுன்னு பேசிக்கிடுதாவ. வெள்ளத்துக்கு முந்தி வருமா?”

ரிப்போர்ட் எழுதப்போவது நானல்லவா! அந்தத் திமிரில், “வரும்” என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் மாட்டுவண்டியில் திருநெல்வேலிக்குப் புறப்பட்டோம். துணைக்கு வந்தவர் போர்டு சேவகர் சுடலைமுத்து அண்ணாச்சி. மார்பில் குறுக்குப் பட்டை, அதில் பித்தளை வில்லை. அவர் அதற்கு முன் பேட்டையைத் தாண்டினதில்லை. ஆனாலும் வழியெல்லாம் எனக்கு வழி சொல்லிக்கொண்டு வந்தார். பாதி தூரத்தில் கடையாணி கழன்று விழுந்தது. வண்டிக்காரர் அதைத் தேடித் திரும்பி நடக்க, அண்ணாச்சி அந்தப் பக்கம் வந்த எல்லா வண்டிகளையும் வில்லையைக் காட்டி நிறுத்தினார். ஒருவரிடமும் மிச்சக் கடையாணி இல்லை. இருந்திருந்தாலும், அவர் கேட்ட அதிகாரத்துக்கு யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். கடைசியில் ஒரு உடைமரக் கிளையைச் செதுக்கி மாட்டினோம். தாலுகா போர்டு ரஸ்தாவின் பள்ளங்களை அந்தக் கிளை தாங்கியது என்பதைப் போர்டுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ரயிலில் பெண்கள் வண்டியில் எனக்கு எதிரே பட்டுச்சேலை உடுத்திய ஓர் அம்மாள், தென்காசியில் மகளைப் பார்க்கப் போகிறவர், மடியில் ஒரு பெரிய பலகாரத் தூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கட்டுச்சோற்றை அவிழ்த்து எள்ளுத் துவையலை எடுத்ததும் அவருக்குப் பேச்சு வந்தது.

“தனியாவா போறிய?”

“சேவகர் அடுத்த வண்டியில இருக்காரு.”

“என்ன விசேசம்?”

“ஆஸ்பத்திரி பாக்கப் போறேன்.”

“அடப் பாவமே! யாருக்குச் சொகமில்ல?”

“ஆஸ்பத்திரிக்குத்தான்.”

அவர் தூக்கைத் திறந்து ஒரு முந்திரிக்கொத்தை எடுத்துக் கொடுத்தார். புத்தி பேதலித்தவர்களிடம் இரக்கமாக இருக்க வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். முந்திரிக்கொத்து நன்றாக இருந்தது.

தென்காசிக்கு அடுத்தது செங்கோட்டை. அங்கேயும் தமிழ்தான், தோசைதான், சாரல்தான்; ஆனால் வேறு ராஜாங்கம். இப்படித் தோசை மாறாத வெளிநாடு எல்லாருக்கும் கிடைக்காது. எல்லைச் சாவடிக்காரர் என் மருத்துவப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். புகையிலை தேடினார். கார்பாலிக் புட்டியின் மூடியைத் திறந்து ஆழமாக மூச்சிழுத்து மோந்துவிட்டார். கண்ணில் நீர் வர, “என்னம்மா இது?” என்றார்.

“கிருமியைக் கொல்லுகிற மருந்து.”

“ஆளையுமா?”

அண்ணாச்சி இதற்குத்தான் காத்திருந்தவர்போல முன்னால் வந்து நெஞ்சை நிமிர்த்தினார். “போர்டு சாமான்வே. தெரியுதா?”

சாவடிக்காரர் வில்லையைத் திருப்பிப் பார்த்தார். “இது உங்க ராசாவுது. இங்க செல்லாது அண்ணாச்சி. அங்கன போயி உக்காருங்க.”

அண்ணாச்சி பட்டையைக் கழற்றி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அதன்பின் திரும்பி வரும்வரையில் ஊரில் எந்தப் பெரியவரைப் பற்றியும் மரியாதையில்லாமல் பேச அவருக்கு வாய் வந்தது. உபதலைவரைப் பற்றி அவர் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. இரண்டு இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

மலைக்குடைவுக்குள் ரயில் நுழைந்ததும் வெளிச்சம் போய்விட்டது. புகையும் கரியும் சன்னல் வழியாக உள்ளே வந்தன. அடுத்த வண்டியிலிருந்து அண்ணாச்சி குலதெய்வங்களை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. வெளியே வந்தபோது என் வெள்ளைச் சேலை சாம்பல் நிறமாகியிருந்தது. வெளியில் எல்லாமே பச்சை. எங்கள் பக்கத்தில் மரம் என்றால் நிழலுக்கு ஒன்று நிற்கும். அங்கே மரங்களுக்கிடையே மனிதர்கள் ஒதுங்கி நிற்கிறார்கள்.

நாங்கள் இறங்கிய ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எங்கள் ஊர்ப் பெயரையே சொல்லவில்லை, அடுத்த ராஜாவின் ஊரைக் காட்டிக்கொடுப்பது மரியாதையாகாது. சத்திரத்தில் சிவப்பரிசிக் கஞ்சியும் சிறுபயறும் கொடுத்தார்கள். அண்ணாச்சி கஞ்சியைக் கிளறிப் பார்த்து, “சோத்துல சோறு எங்கன கெடக்கு?” என்றார். மறுவேளை மரச்சீனிக்கிழங்கும் மீனும். அதன்பின் அவர் குறை சொல்லவில்லை. மூன்றாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி. போகும்போதே ஒன்று புரிந்தது. அந்தச் சமஸ்தானத்திலும் எல்லாரும் நடக்கக் கூடாத ரஸ்தா உண்டு. ஆஸ்பத்திரி அந்த ரஸ்தாவில்தான் இருந்தது. ஒருவன் வயல்வரப்பில் தூரத்தில் நின்றுகொண்டு, வாயைக் கையால் பொத்தி, நோயைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். இதைப் பார்க்கவா மலை தாண்டி வந்தோம் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் இதை ரயில் செலவில்லாமலே பார்க்கலாம்.

ஆனால் உள்ளேயிருந்து ஓர் ஆள் செருப்பை உதைத்துத் தள்ளிவிட்டு, கக்கத்தில் ஒரு நோட்டும் காதில் பென்சிலுமாக, திட்டிக்கொண்டே வயலுக்குள் இறங்கினார். அவர்தான் அப்போதிக்கரி, டாக்டருக்கு அடுத்தபடி உள்ளவர். முப்பது வயதிருக்கும். மூக்கின் மேல் எப்போதும் கோபம். வரப்பில் நின்றவனிடம் பேர் கேட்டு எழுதினார், நாக்கை நீட்டச் சொன்னார், காய்ச்சலுக்கான கொயினாத் தூள் பொட்டலங்களை இலையில் மடித்து வரப்பில் வைத்தார். திரும்பி வந்ததும் காலில் ஏறின அட்டையைப் பிய்த்தெறிந்துவிட்டு என்னிடம் மலையாளத்தில் கேட்டார். நமது பாஷையில் சொன்னால், “நீதான் பாண்டி நாட்டிலிருந்து வந்த அதிகாரியா? உட்கார். எதையும் தொடாதே” என்று.

அங்கே புட்டி கேட்பதில்லை. முதல் வேளை மருந்தைச் சிரட்டை அகப்பையில் ஊற்றி அங்கேயே குடிக்கவைக்கிறார்கள். மீதி வேளைகளுக்குத் தூள், வேளைக்கு ஒரு பொட்டலம். கசப்பில் முகம் சுளித்த ஒரு கிழவரைப் பார்த்து வரிசையில் நின்ற பெண் ஒருத்தி, “உங்கள் மருமகள் சமையலைவிட மோசமா?” என்று கேட்டாள். “இதை ஒரு நாளைக்கு மூன்று தரம்தான் சாப்பிட வேண்டும்,” என்றார் கிழவர், “அது அப்படியா?” என்று பெருமூச்சு விட்டார்.

இவற்றை எழுதிக்கொண்ட பின்புதான் அப்போதிக்கரியின் நோட்டைப் பார்த்தேன். எங்கள் புஸ்தகத்தில் உள்ள கட்டங்கள் எல்லாம் அதிலும் இருந்தன. கடைசியில் ஒரு கட்டம் அதிகம். அச்சில் இல்லை, கையால் கோடு கிழித்தது. மேலே எழுதியிருந்ததன் பொருள், ‘வந்து, மருந்தில்லாமல் திரும்பியவர்.’ பேர், இடம், திரும்பிய காரணம். மருந்து தீர்ந்துவிட்டது. ரஸ்தாவில் தடுத்தார்கள். ஆறு பெருகிவிட்டது. பக்கம் பக்கமாக இருந்தது.

“இது உங்கள் திவானின் உத்தரவா?” என்று கேட்டேன். ரிப்போர்ட்டில் முதல் வரியாக எழுதலாமே என்ற ஆசை.

அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். “உத்தரவா? மூன்று வருஷத்துக்கு முன்னால், இந்த ஆஸ்பத்திரிக்கு ஆள் அதிகம் வருவதில்லை, அப்போதிக்கரி சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று மேலே எவனோ எழுதினான். மருந்தைப் பாதியாக்கிவிட்டார்கள். எனக்கு ஆத்திரம். சும்மா உட்கார்ந்துகொண்டு எத்தனை பேரைத் திருப்பியனுப்புகிறேன் பாருங்கள் என்று இதை எழுதி மாதாமாதம் அனுப்பினேன். ஒரு மாதம்கூட விடவில்லை.”

“என்ன செய்தார்கள்?”

“என் தொல்லை பொறுக்கவில்லை. மருந்தை முழுசாக அனுப்பினார்கள். அதோ அந்தக் கொட்டகையையும் போட்டார்கள்.”

வயலுக்கு அப்பால், ரஸ்தா தொடாத இடத்தில், ஓலைக்கூரை ஒன்று பாதி வேலையில் நின்றது. வரப்பில் நின்று கத்துகிறவர்களுக்காக. ரஸ்தாவை எல்லாருக்கும் திறந்துவிடுவதைவிட ரஸ்தா இல்லாத இடத்தில் கொட்டகை போடுவது அந்த ராஜாங்கத்துக்கு எளிதாக இருந்தது. அதை மெச்ச என்னால் முடியவில்லை. ஆனால் கொட்டகை உண்டு, எங்கள் தென்கரையில் அதுவும் இல்லை. வெட்கத்தோடு அளவைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

மனிதர் நல்லவர் என்று அவரைப் பற்றி எழுத எனக்கு விருப்பந்தான். ஆனால் விடைபெறும்போது, “ரிப்போர்ட்டில் என் பேரைத் தப்பாக எழுதிவிடாதே, பெண்கள் எழுத்துப்பிழை விடுவார்கள்” என்றார். ஆகையால் பேரையே எழுதவில்லை.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. மலையில் மண் சரிந்து தண்டவாளத்தை மூடியிருந்தது. ரயில் நின்றுவிட்டது. எல்லாரையும் இறக்கி, சரிவைத் தாண்டி நடந்துபோய் அந்தப் பக்கம் நிற்கும் வேறொரு ரயிலில் ஏறச் சொன்னார்கள். முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு எல்லாரும் ஒரே சேற்றில், ஒரே வரிசையில். சுற்றுக்கடிதம் கேட்ட சமத்துவத்தை அந்தப் பயணத்தில் நான் பார்த்தது அந்தக் கால்மணி நேரந்தான். அண்ணாச்சி என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போனார்.

“பைய வாங்க தாயி, வழுக்குது. இந்த மழ பாத்தியளா? மேல இப்படிப் பெஞ்சா நம்ம ஆத்துல சீக்கிரமே தண்ணி வந்துரும். இந்த வருசம் தோணிய வெரசாக் கட்டிருவான்.”

எனக்கு மாடத்தியிடம் சொன்ன அந்த ஒரு வார்த்தை நினைவுக்கு வந்தது. செங்கோட்டையில் அண்ணாச்சி வில்லையை எடுத்து மாட்டிக்கொண்டார். அந்த நிமிஷமே உபதலைவர் அவருக்கு மறுபடியும் எசமான் ஆகிவிட்டார்.

ஊருக்கு வந்ததும் ஒரு நோட்டு வாங்கினேன். கடைசிக் கட்டத்தை நானே கோடு கிழித்தேன். போர்டுக் கூட்டத்துக்குப் பதினைந்து நாள் இருந்தது. பேறுகால வேலையில்லாத நேரமெல்லாம் ஆஸ்பத்திரி வாசற்படியில் உட்கார்ந்து, கலயத்தோடு வந்து திரும்பிப் போகிறவர்களை நிறுத்திப் பேர் எழுதினேன். முதல் நாள் பயந்தார்கள். வரி போடப்போகிறார்கள் என்று நினைத்தார்கள். மூன்றாம் நாள் மாடத்தி வந்து, “பேரச் சொல்லுங்க, பேரச் சொல்லுங்க, நம்ம பேரும் புஸ்தகத்துல ஏறட்டும்” என்று நாலு பேரை இழுத்து வந்தாள். அவளுக்கு முகம் வீங்கியிருந்தது. பேறுகாலம் நெருங்குகையில் அது நல்ல குறியல்ல; எனக்குப் பிடிக்கவில்லை.

நமச்சிவாயம் புட்டியைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தார்.

“என்னம்மா செய்யுதிய?”

“திரும்பிப் போறவங்கள எழுதுதேன்.”

“வேண்டாம்மா.” குரலைத் தாழ்த்தினார். அவருக்கு மெய்யாகவே என்மேல் அக்கறை. “எழுதாதிய. எழுதுனா நம்ம தாலுகாவுல வியாதி கூடிரும். கூடுச்சுன்னா எதுக்குக் கூடுச்சுன்னு மேல கேப்பான். இத்தன வருசமா நான் கட்டிக் காத்து வச்சிருக்கேன்.”

அவரை நான் பொய்யர் என்று சொல்ல மாட்டேன். தாலுகாவின் ஆரோக்கியத்தைத் தன் ஒருவர் கையால் காப்பாற்றிவருவதாக அவர் மனப்பூர்வமாக நம்பினார்.

ஐப்பசி பிறந்தது. கூட்டம் கூடியது. நான் கதவோரம் நின்றேன். பெண் உட்கார நாற்காலி போடுவது பற்றி விதி எதுவும் இல்லையாம். தலைமைக் குமாஸ்தா என் ரிப்போர்ட்டைப் படித்தார். அப்போதிக்கரியின் கட்டம், சிரட்டை, பொட்டலம், கொட்டகையின் நீள அகலம், பிறகு என் நோட்டிலிருந்து தென்கரைப் பேர்கள். பேர்கள் வர வர, படிக்கிற வேகம் கூடியது. கடைசிப் பக்கத்தில் மூச்சுவிடாமல் ஓடினார்.

உபதலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “தென்கரையில இம்புட்டுக் காய்ச்சலா? போன மாசம் வரைக்கும் ஒண்ணுகூடக் கெடையாதே! இந்தப் பொண்ணு மலைக்குப் போயிட்டு வந்த பொறவுல்லா வந்திருக்கு! அங்கனருந்து கொண்டாந்துட்டாளோ?”

யாரும் சிரிக்கவில்லை. வேடிக்கையாகச் சொல்லவில்லை அவர். அரிசி மண்டி வைத்திருக்கிற ஓர் அங்கத்தினர் தலையை ஆட்டிக்கொண்டே, “அதுவும் போக, அங்கன ஆஸ்பத்திரி போட்டா அவனுக பூரா அதுல போயி உக்காந்துக்கிடுவானுக. அறுப்புக்கு ஆளு வேண்டாமா?” என்றார்.

“காய்ச்சல்ல கெடந்தா மட்டும் அறுக்க வருவாங்களா?” என்று கேட்டுவிட்டேன். கதவோரம் நிற்கிறவர் பேசுவது பற்றியும் விதி இல்லை போலும். எல்லாரும் கதவைப் பார்த்தார்கள்.

தீர்மானம் இப்படி: மருத்துவச்சியின் ரிப்போர்ட் பதிவு செய்யப்பட்டது. அவருடைய கையெழுத்து அழகாக இருப்பதாகப் போர்டு கருதுகிறது. புது ஆஸ்பத்திரி முன்பு நினைத்தபடி தேரடித் தெருவிலேயே கட்டப்படும். அரசாங்கத்தின் சமத்துவக் கொள்கையை முன்னிட்டு, அதன் முகப்பில் ‘இது தென்கரையாருக்கும் உரியது’ என்று பலகை மாட்டப்படும். புட்டி இல்லாத தென்கரையாருக்கு இலவசமாகப் புட்டி வழங்கப்படும். வேண்டுவோர் கிராம முன்சீப்பின் கையொப்பத்தோடு எழுத்துமூலம் மனுச் செய்துகொள்ள வேண்டும். தென்கரையில் ஆஸ்பத்திரி என்ற விஷயம் அடுத்த வருஷம் யோசிக்கப்படும்.

அடுத்த வருஷம். மாடத்திக்கு அப்போது ஒன்பது மாதம் பிறந்திருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு நான் வீட்டுக்குப் போகவில்லை. போர்டு ஆபீசில் ஆணியில் கயிறு கட்டித் தொங்கும் ஊழியர் விதிப் புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். படித்தவள் என்ற கர்வத்தை வேறு எதற்கு வைத்திருக்கிறேன்? பொழுது சாய்வதற்குள் கிடைத்தது. வெளிவேலைக்குப் போன ஊழியர் வெள்ளத்தாலோ பாதை முறிந்தோ திரும்ப முடியாமற் போனால், வழி திறக்கும்வரை அங்கேயே தங்கி, அங்கேயே தம் கடமையைச் செய்ய வேண்டும். அதற்குத் தனி அனுமதி தேவையில்லை. எங்கள் ஓவர்சியர் வருஷந்தோறும் மழைக்காலத்தில் மாமியார் ஊரில் அகப்பட்டுக்கொள்வது இந்த விதியினால்தான் என்று அப்போது விளங்கிற்று.

தோணிக்காரர் இசக்கியிடம் எப்போது தோணியைக் கட்டுவார் என்று கேட்டேன். ஆற்றைப் பார்த்தார், மேற்கே மலையைப் பார்த்தார். “இன்னும் ரெண்டு நாளு. மிஞ்சிப்போனா மூணு. அதுக்குப் பொறவு மாசத்துக்கு மேல ஓட்ட மாட்டேன்” என்றார்.

டாக்டர் காலை உயரத்தில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். மருத்துவச்சிப் பெட்டிக்குச் சாமான் வேண்டும் என்று ஒரு ஜாபிதாவை நீட்டினேன். பஞ்சு, கார்பாலிக், நூல், பேதி மருந்து, கொயினா ஒரு டப்பா முழுதும். அவர் எதையும் படித்துக் கையெழுத்துப் போடுகிற வழக்கமில்லை. படிக்காத அந்த வழக்கத்தை முதன்முறையாக மனமார மெச்சினேன்.

அப்பாவிடம் சொன்னபோது பாவு நூலை முடிந்துகொண்டிருந்தார்.

“சேரியிலயா தங்கப் போற? சொந்தக்காரங்க என்னத்தச் சொல்லுவாக?”

“வெள்ளத்துல மாட்டிக்கிட்டான்னு சொல்லுங்கப்பா.”

“வெள்ளம் இன்னும் வரலியே ளா?”

“வந்துரும்.”

அவர் முடிச்சைப் போட்டு முடித்தார். போகாதே என்று சொல்லவில்லை. சேலை இரண்டு போதுமா என்று மட்டும் கேட்டார்.

சுடலைமுத்து அண்ணாச்சியிடம் ஒரு கடிதம் கொடுத்தேன். ‘தென்கரைக்குப் பேறுகால வேலையாகச் சென்ற இடத்தில் திடீரென்று வெள்ளம் வந்துவிட்டபடியால், விதிப்படி இங்கேயே தங்கியிருக்கிறேன்’ என்று எழுதியிருந்தது. தண்ணீர் படித்துறையின் மூன்றாம் படியைத் தொட்ட பிறகு ஆபீசில் கொடுக்கும்படி சொன்னேன். அவர் கடிதத்தை வில்லைக்குப் பின்னால் செருகிக்கொண்டார். “நாலாம் படி வந்த பொறவே குடுக்கேன் தாயி. கூட்டியார ஆளு வந்துறக் கூடாதுல்லா?” என்றார்.

அது முந்தாநாள். அன்றே பெட்டியோடு தோணியேறித் தென்கரைக்கு வந்துவிட்டேன். நேற்று மாலை இசக்கி தோணியைக் கரைமேல் இழுத்துக் கட்டிவிட்டார். இன்று ஆறு செம்மண் நிறத்தில் கரை நிறையப் போகிறது. மரக்கிளைகளும் யாருடையதோ ஒரு வைக்கோற்போரும் அதில் மிதந்து போகின்றன. மாடத்தி வீட்டுக்கு நாலாவது குடிசையில் என் பெட்டி இருக்கிறது. முந்தாநாளிலிருந்து அவளுக்கு என் கையாலேயே கொயினா கொடுக்கிறேன். நேற்று வரவேண்டிய முறைக்காய்ச்சல் வரவில்லை. முகத்து வீக்கம் அப்படியே இருக்கிறது. அதைப் பற்றிக் கவலை இல்லையென்று சொல்ல மாட்டேன்.

விடியற்காலையில் அவளுக்கு வலி எடுத்துவிட்டது. நூலையும் கத்தரிக்கோலையும் கொதிக்கப் போட்டிருக்கிறேன். தண்ணீர் பொங்குகிறது என்று கூப்பிடுகிறார்கள். கையைக் கழுவிக்கொள்ள வேண்டும்.